உலர்ந்த நுனி

ஜ்யோத்ஸ்னாவின் ஆய்வகத்தில் செய்யும் காகிதப் பட்டை, தண்ணீரில் பாதரசம் இருந்தால் சிவக்கும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். அவர்கள் குடியிருக்கும் துவாரகாவுக்கு வரும் டேங்கர் தண்ணீரை நம்பாமல் ஒரு கட்டுப் பட்டையை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தாள்.

குழாய்த் தண்ணீரில் பட்டை வெள்ளையாகவே இருந்தது. ஆனால் கணவன் ஜெயராமுக்கு அவள் தினமும் நிரப்பி வைக்கும் சொம்பில், அவன் குடித்த மிச்சத்தில், சிவந்துவிட்டது. எச்சில்தான் காரணமோ என்று மறுநாள் அண்ணாந்து குடிக்கச் சொன்னாள். அப்படியும் சிவந்தது.

அந்தச் சொம்பை மகள் பிரபா எடுக்கப் போனபோது ஜ்யோத்ஸ்னா பாய்ந்து பிடுங்கினாள்.

ஜெயராமுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "என்ன ஜ்யோ, நான் என்ன விஷமா? இந்தா, நீ குடி. மிச்சத்தைப் பார்க்கலாம்."

அவனே குழாயிலிருந்து ஒரு டம்ளரில் பிடித்துக் கொடுத்தான். அவள் பாதி குடித்துவிட்டுப் பட்டையை மீதித் தண்ணீரில் நனைத்தாள். வெள்ளை.

"அப்பாடா," என்றாள். அவன் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நனைந்த நுனி வெள்ளையாகத்தான் இருந்தது. ஆய்வகத்தில் எப்போதும் கையுறைக்குள் இருக்கும் அவளுடைய விரல்கள் பிடித்திருந்த உலர்ந்த நுனியிலிருந்து, சிவப்பு மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

கீழே ஸ்கூல் பஸ் ஹாரன் அடித்தது.

"அம்மா, ஜல்தி!" என்று பிரபா காலி பாட்டிலை நீட்டினாள். "தண்ணி ரொப்பிக் குடு."