அகஸ்டினின் கடைசல் மிஷின்

“அகஸ்டின், இன்னிக்கு ஒரு சாயங்காலம் அந்த மிஷினை மூடி வச்சா ஒம் மூங்கிலெல்லாம் காட்டுக்கே திரும்பிப் போயிடுமா?”

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று புவனேஸ் கேட்டாள். மத்தியானத்திலிருந்து இது நான்காவது முறை. அகஸ்டினுக்குத் தேயிலை பேக்டரியில் மிஷின் பிட்டர் வேலை; லீவு நாளில் மூங்கில் பேனா கடைவான். ஒரு துண்டை லேத் மிஷினில் மாட்டி உளியை வைத்தான். கிரீச். பறந்து வந்த தூள் புவனேஸின் புதுச் சேலையில் உட்கார்ந்தது.

“பாதியில விட்டா மூங்கில் விரிஞ்சிடும்க்கா.”

“விரியட்டும். அஞ்சு மணிக்கு பிரிஞ்சாங் டவுன்லேர்ந்து சசியைப் பொண்ணு பாக்க வர்றாங்க. இந்தச் சத்தத்துல மாப்பிள்ளை பேரக் கேட்டாகூட காதுல விழாது லா.”

மகள் சசிரேகாவுக்கு முப்பத்தொன்று. இதற்கு முன் வந்த மூன்று குடும்பங்களும் வாசற்படி வரை ஏறி, ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் இறங்கிப் போயிருந்தன. காரணத்தை லைன் வீடுகளில் யாரும் புவனேஸிடம் சொல்லவில்லை. அவளாகவே ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

“போன தடவ ரிங்லெட்லேர்ந்து பொண்ணு பாக்க வந்தவங்க ஓடிப் போனதே ஒன்னாலதான்.”

“அன்னிக்கு நான் ஈப்போவுல இருந்தேன்க்கா.”

பதில் பிடிக்காததால் அவள் தன் புருஷன் தங்கையாவின் பக்கம் திரும்பினாள். “நீங்க என்ன வேடிக்கை? அது வேட்டியா, முட்டைக்கோஸ் மூட்டையா? உள்ள போய் நாற்காலியத் தொடைங்க.”

தங்கையா உள்ளே போனார். முப்பத்துமூன்று வருடக் குடித்தனத்தில் அவர் கற்ற பதில் அது ஒன்றுதான்.

ஐந்து மணிக்கு வளைவில் கார் நின்றது. உடனே பக்கத்து வீட்டில் மிஷின் அலறியது, அதுவரை இல்லாத ஒரு அலறல். ஹாலில் தங்கையா, நாற்காலியில் விரிக்க எடுத்து வைத்திருந்த பட்டுத் துணியாலேயே நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். புவனேஸுக்கு வந்ததே ஆத்திரம். அவர் வம்சத்தில் ஆரம்பித்து அவர் வாங்கி வந்த பலகாரம் வரை மூச்சு விடாமல் திட்டித் தீர்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி கதவைத் திறந்தாள்.

மிஷின் நின்றது. இப்போதுதான் சாமி கண்ணைத் திறந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். “பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் நேரங்காலம் தெரியல. ஒங்க வீடு எவ்ளோ அமைதியா இருக்கு. மத்த ரெண்டு எடத்துல பாத்தோம், வாசல்லயே புருஷன் பொண்டாட்டி சண்ட. இந்த மாதிரி குடும்பந்தான் எங்களுக்கு வேணும்.”

தை மாதத்துக்கு நாள் குறித்துவிட்டுத்தான் கார் கிளம்பியது.

புவனேஸ் நேரே வேலிக்குப் போனாள். “ஒம் மிஷினையும் மீறி நல்ல காரியம் முடிஞ்சிது, பாத்தியா? அப்படி என்னதான் கடைஞ்ச? பேய் கத்துற மாதிரி ஒரு சத்தம்.”

“பேனா இல்லக்கா. மூங்கில் நாலரைக்கே தீந்துபோச்சு. பழைய இரும்புக் கம்பியத்தான் தேய்ச்சேன்.” அகஸ்டின் கையைத் துடைத்தான். “அவங்க கார் வந்து நின்னதும் போடுங்க அங்கிள், அம்மா அப்பாவைத் திட்டி முடிச்சதும் நிறுத்திடுங்கன்னு சசிதான் சொல்லிட்டுப் போச்சு.”