எது சிவப்பு?

பிரிட்டோ யூ.கே.ஜி.க்கு ஆங்கிலம் எடுப்பதைப் பார்க்க, தலைமையாசிரியை அமலி கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அவன் வேலை நிரந்தரமாவது அவர் கையில்தான் இருந்தது.

பிரிட்டோ வண்ணக் கட்டைகளை மேசையில் கொட்டி, "விச் ஒன் இஸ் ரெட்?" என்று கேட்டான்.

"திஸ் ஒன் சார்!"

"நோ சார், தட் இஸ் கிரீன்!"

பிள்ளைகள் முண்டியடித்தார்கள். ஜூனில் வாயே திறக்காத பிள்ளைகள்.

மணி அடித்ததும் அமலி அவனைத் தனியே அழைத்தார். "மத்த வகுப்புல டீச்சர் சொல்றதைப் பசங்க திருப்பிச் சொல்றதோட சரி. நீங்க ஒரு பதில்கூடச் சொல்லித் தரலையே, இந்த முறையை எங்க படிச்சீங்க?"

"சொன்னா வேலைய உட்டு எடுத்துட மாட்டீங்களே மேடம்?"

"சொல்லுங்க."

"எனக்குச் செவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதானுங்க தெரியும். சின்ன வயசுல எஸ்டேட்ல காப்பிப் பழம் பறிக்கப் போனா, காயையும் சேர்த்துப் பறிச்சு, கணக்கெழுதற ரைட்டர்கிட்டத் திட்டு வாங்குவேன். பசங்ககிட்ட நான் நெசமாவே தெரியாமத்தான் கேக்கறேனுங்க. எனக்குப் புரிய வைக்கோணும்னு அவங்களும் நொம்ப பேசறாங்க."

அமலி சிரித்துவிட்டார்.

"உங்க நிரந்தர ஆர்டர்ல நாளைக்குக் கையெழுத்துப் போடறேன். எல்.கே.ஜி.யும் இனி நீங்களே எடுங்க."