மூடியில்லாத கம்ப்யூட்டர்

பழைய கம்ப்யூட்டர் கடையின் மூலையில், மூடி கழன்ற ஒன்றின் முன்னால் தச்சுக்காரி குந்தியிருக்கிறாள். அவளே இழைத்து நிறுத்திய வீடியோகேம் அலமாரி, உள்ளே வைக்கக் கம்ப்யூட்டர் இல்லாமல் வீட்டில் காலியாக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அதில் ஆட்டம் ஓடாவிட்டால் செருப்பு அடுக்கப்போவதாகப் புருஷன் சொல்லிவிட்டான். "அது தேறாதுக்கா. வேணும்னா பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்குங்க" என்கிறான் கடைக்காரன். "மூடி என் வேலை தம்பி, நீ கரண்ட் மட்டும் குடு." ஆட்டங்கள் நிரப்பிய பென்டிரைவையும் சிவப்புக் குமிழ் வைத்த ஜாய்ஸ்டிக்கையும் பையிலிருந்து எடுத்துச் சொருகுகிறாள். விசிறி ஒருமுறை தூசியைத் தும்மிவிட்டுச் சீராக இரைகிறது. திரையில் விண்கலங்கள் இறங்குகின்றன. அந்த நீல வெளிச்சத்துக்குள் முகத்தை நீட்டிய கடைக்காரன், அவளை மெல்ல நகர்த்திவிட்டுக் குமிழைப் பற்றுகிறான். வாசலில் யாரோ கூப்பிடுவது அவன் காதில் ஏறவில்லை. "இரும்பு விலைதான், நீயே சொன்னது" என்று ஞாபகப்படுத்துகிறாள். "சரிக்கா" என்கிறான், தலையைத் திருப்பாமல். "கொஞ்சம் பொறுங்க, இன்னும் ஒரு உசுரு இருக்கு."