வாசலில் நிற்கும் சார்

புதிய பொருளியல் சார் தினமும் வகுப்பு வாசலில் நின்று, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்பார். மாணவர்கள் விருந்தாளிகள் என்பது அவர் கொள்கையாம்.

"சும்மா எவனும் சிரிக்க மாட்டான்டா, உஷாரா இரு" என்றான் என் வகுப்புத் தோழன் நெடுமாறன்.

எனக்கு அந்த வரவேற்பே வினை. முதல் நாள் வராத என் நண்பன் தேவசகாயத்துக்காக நான்தான் 'பிரசன்ட் சார்' சொன்னேன். அன்றிலிருந்து என்னை "வாங்க தேவசகாயம்" என்றே அழைத்தார். அவனுக்கு முழு வருகை. கார்மேகமாகிய எனக்கோ வருகையே இல்லை, பரீட்சை எழுதவே முடியாத நிலை.

இன்று மஞ்சள்காமாலை தெளிந்து தேவசகாயம் என்னோடு வந்தான். சார் வழக்கம்போல என்னை அழைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே கார்மேகம்? உங்களுக்காகத்தான் தினமும் நிக்கிறேன்."

தேவசகாயம் என்னைப் பார்த்தான். நான் சாரைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், வழி மட்டும் விடவில்லை.