விடு

வலது பக்கத்திலிருந்து பந்து அளந்து வைத்த மாதிரி அபினவின் காலடிக்கு வந்தது. எதிரே கோல் கீப்பர் மட்டும்தான். கண்ணை மூடிக்கொண்டு உதைத்தாலும் கோல். அவனோ காலை அகட்டிப் பந்தை நடுவே போகவிட்டான்.

பின்னால் ஓடிவந்து அடிக்க ஆள் யாரும் இல்லை. பந்து நிக்டி மைதானத்துச் சேற்றில் உருண்டுபோய்க் கோட்டைத் தாண்டி நின்றது.

"மறுபடியுமா," என்றார் பயிற்சியாளர் பாஸ்கர். ரெண்டு மூணு நாளாகத் தொண்டை கம்மி, குரல் பாதிதான் வந்தது. புனே மழை ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவி வனஜா அதிமதுரம் போட்ட வெந்நீரை ஃபிளாஸ்கில் கொடுத்து அனுப்பியிருந்தாள். இத்தனைக்கும் புதுப் பையன்களைச் சோதிக்கும்போது அவர் வாயைத் திறப்பதே இல்லை. நாமே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தால் அவனவன் சரக்கு எப்படித் தெரியும் என்பார்.

அடுத்த வாரம் சீசன் ஆரம்பம். கிளப்புக்குப் புதிதாக வந்தவர்களில் யார் இருப்பது, யார் வீட்டுக்குப் போவது என்று சாயங்காலத்துக்குள் அவர் சொல்லியாக வேண்டும். கூட்டத்திலேயே காலோடு பந்து ஒட்டிக்கொள்வது அபினவுக்குத்தான். பக்கத்தில் பிம்ப்ரியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். இதற்காகக் கல்லூரியையே பாதியில் நிறுத்தியவன். கோல் வாசலுக்கு வந்ததும்தான் இந்தக் கூத்து. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிற கதை.

அவனைக் கூப்பிட்டார்.

"ஏண்டா, பந்து கடிக்குதா? எதுக்கு விட்டே?"

"விடுன்னு சத்தம் வந்தது சார். அதான் விட்டான்... விட்டேன்." அவன் தமிழ் அப்படித்தான், தட்டுத் தடுமாறி வரும்.

பாஸ்கருக்கு உடம்பு ஒரு முறை சிலிர்த்து அடங்கியது. அந்த வார்த்தைக்கு இந்த மைதானத்தில் ஒரே ஒரு சொந்தக்காரன்தான். அவருடைய மகன் சபரி.

முன்னால் நிற்பவன் பந்தைத் தொடப்போகும் நேரம் பார்த்து, பின்னாலிருந்து 'விடு' என்று குரல் கொடுப்பான் சபரி. எதிரணிக்குத் தமிழ் புரியாது. முன்னால் இருப்பவன் விட்டுவிட, இவன் பாய்ந்து வந்து அடிப்பான். போன மழைக்காலத்தில் காத்ரஜ் மலைப்பாதையில் அவனுடைய பைக் மீது ஒரு லாரி ஏறிவிட்டது. அதற்கப்புறம் அந்த வார்த்தையை இங்கே யாரும் சொன்னதில்லை. போன மாதம் வந்து சேர்ந்த அபினவ், சபரியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"யாருடா சொன்னா?"

அபினவ் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

கோல் கீப்பர்களுக்குப் பயிற்சி தரும் கேஷவ் பக்கத்தில் வந்தார். மராட்டிக்காரர், பாஸ்கரோடு வெகுகாலம் இருப்பவர். "புதுப் பையன் சார், போகட்டும்," என்றார் இந்தியில்.

"கேஷவ், உனக்கு ஏதாவது குரல் கேட்டுதா?"

கேஷவ் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினார். "எனக்குத் தமிழ் தெரியாதே சார்."

பாஸ்கருக்கு நெஞ்சு பொருமியது. பெற்றவன் ராத்திரி பகலாகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறான். அவனுக்குக் கேட்காதது எவன் பெற்ற பிள்ளைக்கோ கேட்கிறதா? பயத்தைவிடப் பொறாமைதான் அவருக்கு அதிகமாக இருந்தது.

"இன்னொரு தடவை ஆடுங்க," என்று சைகை காட்டினார்.

தூறல் பிடித்துக்கொண்டது. மறுபடி வலது பக்கத்திலிருந்து பந்து கிளம்பியது. பாஸ்கர் பந்தையும் பார்க்கவில்லை, அபினவையும் பார்க்கவில்லை. சபரி எப்போதும் ஓடிவரும் அந்த வெற்றிடத்தையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

உதைக்கத் தூக்கிய காலை அபினவ் சட்டென்று இழுத்துக்கொண்டான். பந்து அவனைக் கடந்து போனது. மற்ற பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவனும் சிரிக்கவில்லை.

பாஸ்கர் காதில் விழுந்ததெல்லாம் மழையும் தெருவில் போன பஸ்ஸின் ஹாரனும்தான். சேற்றில் வழுக்கிக்கொண்டே ஓடிப்போய் அபினவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"இப்பவும் கேட்டுதா?"

"கேட்டது சார். அதான்... சாரி சார். அடுத்த தடவை அடிச்சிடறேன். என்னை அனுப்பிடாதீங்க."

"அனுப்ப மாட்டேன். நீ டீம்ல இருக்க. போதுமா?" கண்ணில் வழிவது மழையா வேறு ஏதாவதா என்று அவரே துடைத்துப் பார்க்கவில்லை. "அது என் புள்ளைடா. அவனுக்கு இந்த கிரவுண்டை விட்டுப் போக மனசு வரல. எனக்கு அவனைக் காட்டு. எங்க நின்னு கூப்பிடறான்?"

அபினவ் திரும்பிக் கேஷவைப் பார்த்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பயப்படாம சொல்லுப்பா. நான் அவனை ஒரு தடவை பார்த்தா போதும்."

அபினவ் மெதுவாகச் சொன்னான்.

"அங்க யாரும் இல்ல சார். நீங்கதான் கத்தறீங்க."