யூஜினா அன்டி காப்பாற்றிய வீடு

பழைய கட்டடங்களைப் பாதுகாக்க மாநகரசபை நிதி ஒதுக்கியிருந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து யூஜினா அன்டி அனுப்பிய விண்ணப்பத்தைப் பார்த்து, அதிகாரி தனஞ்சயன் நேரிலேயே வந்துவிட்டார்.

அன்டி ஒவ்வொரு தூணையும் தட்டிக் காட்டிவிட்டு, கூரையைக் காட்டினார். "ஒல்லாந்தர் காலத்து ஓடு, மகன். மழை பெய்தால் மட்டும்தான் ஒழுகும்."

"அதை நாங்களே திருத்தித் தருவம். ஆனா பாரம்பரியக் கட்டடம் எண்டு பதிஞ்சா, பிறகு உடைக்கேலாது, அன்டி."

"ஒரு சுவரும்?"

"ஒரு செங்கல்லும்."

"சொந்தக்காரர் நினைச்சாலும்?"

"சொந்தக்காரரே நினைச்சாலும் ஏலாது. இடிச்சுப்போட்டு ஃபிளாட் கட்ட விடமாட்டம்."

இந்த இடத்தில் வழக்கமாக எல்லோருக்கும் முகம் சுருங்கும். அன்டியோ அவருக்கு இன்னொரு துண்டு லவ் கேக் வெட்டி வைத்தார்.

"உங்களை மாதிரி ஆக்கள் அபூர்வம்!" தனஞ்சயன் நெகிழ்ந்துபோய்ச் சிபாரிசில் அங்கேயே கையெழுத்து வைத்தார். "சொந்தக்காரர் எண்ட இடத்தில உங்கட பேரை எழுதுங்கோ."

"என்ர பேர் எதுக்கு? அவர் ஹெவ்லொக் டவுனில இருக்கிறார். அடுத்த மாசம் இடிக்கப்போறாராம், என்னை வீட்டை விட்டு எழும்பச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறார்."

கேக் வாய்க்குப் போகாமல் நின்றது. "அப்ப நீங்க?"

"நாப்பது வருஷமா வாடகைக்கு இருக்கிறன், மகன். உங்கட சபையின்ர மலிவு வீட்டுத் திட்டத்துக்கும் எழுதிப்போட்டனான். எனக்கு முன்னால நாலாயிரம் பேர் நிக்கினமாம். இந்தப் பழைய கட்டட வரிசையில நான் மட்டும்தான்."