மலையடித் தெரு

பாடத்தைப் பிள்ளைகள் கையால் செய்து கற்கட்டும் என்று, அந்த வாரம்தான் வேலையில் சேர்ந்த வினோதினி டீச்சர், அவரவர் தெருவைக் களிமண்ணில் செய்யச் சொல்லியிருந்தாள்.

மூன்றாம் வகுப்பு சினேகா மலையடித் தெருவைச் செய்திருந்தாள். தீப்பெட்டி வீடுகள் வரிசையாக நின்றன. நடுவில் மட்டும் ஒரு மண் குவியல்.

"மிச்ச மண்ண இப்படியா கொட்டி வைப்ப? எடுத்துடு. ஹெச்.எம். பாக்க வராங்க."

"வேணாம் டீச்சர்." சினேகா இரு கைகளாலும் குவியலை மூடிக்கொண்டாள்.

"அடம் பிடிக்காத. ஆமா, உங்க வீடு எங்க?"

வினோதினி தானே மண்ணை வழித்தெடுத்தாள். அடியில் ஒரு தீப்பெட்டி நசுங்கிக் கிடந்தது.

"அதான் டீச்சர் எங்க வீடு. போன மழைல மலை சரிஞ்சு மூடிடுச்சு. நான் மட்டும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன்."

வழித்த மண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள் வினோதினி.